தப்பிச்சது

மலை மேலே மரங்களை ஆராய்கிற ஒரு கூடம். அங்கே குருவுக்கு முப்பத்தைந்து வயசு, சிஷ்யைக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. குரு ஜோஸ்பின் சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை இசக்கியம்மாள் குருவை "மேடம்" என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

இசக்கிக்கு வாய்த்தது ஆலிவ் மரம். வாடல் நோயைத் தாங்குகிற ஜீன் ஒன்றை அதற்குள் ஏற்ற வேண்டும். நெல், புகையிலை என்றால் சொன்ன பேச்சைக் கேட்கும். மரச்சாதி லேசில் மசியாது.

அந்த ஜீனோடு, செடியைக் கொல்கிற ஒரு மருந்தை முறிக்கிற சக்தியையும் சேர்த்து அனுப்புவார்கள். பிறகு அதே மருந்தைச் செடித் துணுக்கு வளர்கிற கூழில், அவர்கள் பாஷையில் சாப்பாட்டில், கலந்து வைப்பார்கள். ஜீன் ஏறினது மருந்தை முறித்துப் பிழைக்கும். ஏறாதது வெளுத்துச் சாகும்.

இசக்கி வைத்த துணுக்குகளில் திரண்ட திசுக் கட்டியெல்லாம் வெளுத்துப் போனது. ஒரே ஒரு கட்டி மட்டும் நின்றது. அதன் நடுவிலிருந்து ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. துளிரை வெட்டித் தனிப் பாட்டிலில் வைத்து, கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டாள். கட்டி ஒரு தட்டில் மூலையில் கிடந்தது.

அன்றைக்குத் துளிருக்குச் சோதனை. ஜீன் இருந்தால் படத்தில் ஒரு கோடு விழும்.

கோடு விழவில்லை.

ஜீன் ஏறாமலே பிழைத்துக்கொண்டதற்கு அந்தக் கூடத்தில் ஒரு பேர் உண்டு. தப்பிச்சது. சொல்லும்போதே வாயில் ஒரு இளக்காரம் வந்துவிடும். அதைக் குக்கரில் அவித்துக் குப்பையில் கொட்டிவிடுவார்கள்.

இசக்கி பாட்டிலை எடுத்துக்கொண்டு குருவிடம் போனாள்.

"தப்பிச்சது மேடம். குக்கர்ல போட்டு அவிச்சிரணும்லா?"

"அவசரமா? குக்கர் எங்கயும் ஓடிராது."

"மூணு வருசம் மேடம். என்னை ஏமாத்திருக்கு."

"செடிக்கு உங்களை ஏமாத்தத்தான் நேரம்."

இசக்கி சிரிக்கவில்லை. "நான் ஊருக்குப் போயிரட்டுமா?"

ஜோஸ்பின் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு போன பெறகு பிள்ளையை மதினிகிட்ட விட்டுட்டுப் படிக்க வந்தேன். அவ இப்போ மதினியைத்தான் அம்மாங்கா. எனக்கும் ஒண்ணும் ஏறலை மேடம். நானும் தப்பிச்சதுதான். பேசாம போயிருதேன்."

ஜோஸ்பின் எழுந்து போய், மூலையில் கிடந்த தட்டைத் திறந்தாள். கட்டியில் ஒரு கிள்ளு எடுத்தாள். அதையும் அதே சோதனைக்கு வைத்தாள்.

சாயங்காலம் படம் வந்தது. கோடு பளிச்சென்று விழுந்திருந்தது.

இசக்கி கிட்டே வந்து பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"கட்டியில ஏறியிருக்கே மேடம்."

"ம்."

"பெறகு துளிர்ல ஏன் இல்ல?"

"ஏறாத ஒரு துணுக்கு நடுவுல இருந்திருக்கு. அதுல இருந்து வந்திருக்கு."

"ஏறாதது அந்த மருந்துல எப்படிப் பிழைச்சுது?"

"அதைச் சுத்தி யாரு இருந்தா?"

இசக்கி கட்டியைப் பார்த்தாள். பழுப்பேறி, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாமல் கிடந்தது.

"இதுகதான்."

"மருந்து உள்ள போறதுக்கு முன்னாலயே இதுக முறிச்சிருச்சு. துளிர் வரைக்கும் வந்து சேரலை."

இசக்கி தட்டை மூடினாள். மூடின கையை எடுக்கவில்லை.

"மேடம், இது துளிர் விடுமா?"

"தெரியல. வேற சாப்பாடு வச்சுப் பாக்கணும். நாளாகும்."

"நான் ஊருக்குப் போறேன் மேடம்."

ஜோஸ்பின் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மதினியைப் பாத்து நாளாச்சு. போன் போட்டா, பிள்ளைகிட்ட குடுங்கன்னு மட்டும்தான் அவங்ககிட்ட பேசியிருக்கேன். பாத்துட்டு வந்துருதேன்."

ஜோஸ்பின் தட்டை வாங்கிக்கொண்டாள். பாட்டிலுக்கும் கையை நீட்டினாள்.

"போயிட்டு வாங்கக்கா. ரெண்டுக்கும் நான் சாப்பாடு மாத்தி வைக்கிறேன்."