டிரம்மின் மேல் குழவிக்கல்

நகராட்சிப் பைப் எங்கோ உடைந்துபோய், தெருவே குடமும் கையுமாக அலைந்தது. மடத்தில் தண்ணீர்ப் பொறுப்பு குழந்தைவேலுவுக்கு. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மடத்தை நடத்தும் அம்மா அவரைவிட வயதில் இளையவர்தான். ஆனாலும் அவருக்குக் குரு.

கண்டக்டர் புத்தி எங்கே போகும்? ஒரு சொட்டையும் அவர் சும்மா விடவில்லை. அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரம் கழுவினார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் கக்கூசுக்குப் போயிற்று. லாரி வந்தால் முதல் ஆள் அவர்தான். டிரம் நிரம்பியதும் மூடி போட்டு, அதன்மேல் அம்மிக் குழவியையும் ஏற்றி வைத்தார். சுமந்து சுமந்து இடுப்பு விட்டுப்போயிற்று.

"முடியலம்மா," என்றார் ஒரு காலையில். "டிரம் நிறைய இருக்கு, அப்பவும் தூக்கம் வரமாட்டேங்குது. எவ்வளவு தண்ணி சேர்த்து வெச்சா இந்தப் பயம் போகும்?"

"டிரம் காலியாகட்டும், சொல்றேன்."

சொல்லிவிட்டு அம்மா வெளியே கிளம்பிவிட்டார். குழந்தைவேலுவுக்கு எரிச்சலாக வந்தது. காலியாகக் கூடாது என்றுதானே இத்தனை பாடு!

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுத் தவமணி குடத்தோடு வந்து நின்றாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியார் துணியை நனைத்துவிட்டாராம்.

"கழுவி விடணும் அண்ணே. அரைக் குடம் போதும்."

"மடத்துக்கே இழுபறியா இருக்கும்மா."

அவள் காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள். பாவமாகத்தான் இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

மாலையில் குழாய் சீறியது. கொஞ்சம் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்து கொட்டியது. தெருவெல்லாம் ஒரே கூச்சல். குழந்தைவேலு ஓடிப்போய்க் குழவியை இறக்கி, டிரம்மைச் சாக்கடைப் பக்கமாகச் சாய்த்தார். புதுத் தண்ணீர் வந்தால் பிடித்து வைத்ததைக் கொட்டுவது எல்லா வீட்டிலும் வழக்கம்தானே.

அம்மா உள்ளே வந்தார். புடவை முழங்கால் வரை ஈரமாக இருந்தது.

"இப்பத்தான் தவமணி மாமியாரைக் கழுவி விட்டோம். காலையிலேருந்து அதே துணியில கிடந்திருக்காங்க."

குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். டிரம் தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தார்.

"என்ன அண்ணே இது?"

"பழைய தண்ணிம்மா. கொட்டிட்டுப் புதுசு பிடிக்கலாம்னு..."

"காலையில அரைக் குடத்துக்கே பயந்தீங்க. இப்போ டிரம்மே காலியாகுது. பயமா இல்லையா அண்ணே?"