ஏழு மணிக்கு முடிகிற வேலை

சீடருக்குக் குருவைவிட இருபது வயது அதிகம்.

மின்வாரியத்தில் பில் போடும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர் மாசிலாமணி. காரைக்குடியில் சொந்தமாக ஹோம் நர்சிங் நிலையம் தொடங்க ஆசைப்பட்டு, மதுரையில் எஸ்தர் சிஸ்டரிடம் தொழில் கற்க வந்திருந்தார். படுக்கையில் கிடப்பவர்களின் வீடுகளுக்கு ஷிப்ட் முறையில் ஆள் அனுப்புவதுதான் தொழில்.

கணக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. வேலைக்குப் போகிறவள் வீட்டுக்குள் நுழையும்போது போனில் ஒரு தட்டு, கிளம்பும்போது ஒரு தட்டு. இடைப்பட்ட நேரத்துக்கு வீட்டாருக்கு பில் போய்விடும். ஷிப்ட் மாறும்போது ஒருத்தி கிளம்பாமல் இன்னொருத்தி வந்துவிட்டால், அந்தக் கொஞ்ச நேரத்துக்கு இருவருக்கும் சேர்த்தே கட்டணம் ஏறும்.

மாசிலாமணியால் அதைப் பொறுக்க முடியவில்லை.

"ஒரு நோயாளிக்கு ஒரே நேரத்துல எதுக்கு சிஸ்டர் ரெண்டு பேர்?"

"ஒருத்தி போறா, ஒருத்தி வர்றா. பேசிக்க வேணாமா?"

"என்ன பேசுவாங்க? சீரியல் கதைதான்."

"அதையும் பேசுவாங்க," என்றார் எஸ்தர்.

எஸ்தர் அலுவலகத்தை அவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு வாரம் ஊருக்குப் போனார். அந்த வாரத்தில் மாசிலாமணி கம்ப்யூட்டரில் விதியை மாற்றினார். ஷிப்ட் காலை ஏழுக்கு முடிந்தால் முடிந்ததுதான். அதன்பின் நிற்பவளுக்கு பில்லும் ஏறாது, சம்பளமும் ஏறாது. எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினார். வீட்டார் சிலர் அவரைப் பாராட்டினார்கள். எஸ்தர் திரும்பி வந்ததும் மாசிலாமணி அதை அவரிடம் இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் காலை சொக்கிகுளத்திலிருந்து போன் வந்தது. பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன பெரியவரின் வீடு. இரவு ஷிப்டில் இருந்த பாக்கியம் கிளம்பிவிட்டாள். பகலுக்கு வர வேண்டியவளின் பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அந்த இடைவெளியில் பெரியவர் தானே எழுந்து பாத்ரூம் போகப் பார்த்து விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. மகன் கத்தித் தீர்த்தார்.

பதினோரு மணி வெயிலில் பாக்கியம் வந்து அலுவலக வாசலில் நின்றாள். தோளில் பை.

"இவளை நிறுத்திடுங்க சிஸ்டர். இனி எந்த வீட்டுக்கும் அனுப்பக் கூடாது," என்றார் மாசிலாமணி.

"எத்தனை மணிக்குக் கிளம்புன பாக்கியம்?"

"ஏழுக்கு சிஸ்டர்."

"டாண்ணு ஏழுக்கு!" என்றார் மாசிலாமணி. "அடுத்தவ வந்தாளான்னு பார்க்க வேணாம்?"

"ஏழுக்கு மேல இருந்தா அது உன் சொந்த விஷயம்னு சார்தானே மெசேஜ் போட்டீங்க?"

"சும்மா இரும்மா. மெசேஜ் வேற, மனசாட்சி வேற."

"மனசாட்சிக்கு எந்தப் பட்டனைத் தட்டணும் சார்?"

"பார்த்தீங்களா சிஸ்டர், வாயை!"

"ஆறு வருஷமா இந்த வேலைதான் சிஸ்டர் எனக்கு," என்றாள் பாக்கியம், குரல் இறங்கி.

எஸ்தர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சார், உங்க விதியை எடுத்துடலாமா?"

"விதியில என்ன தப்பு? மனுஷங்க மேலதான் தப்பு. ஒருத்தர் முடிக்கிற இடத்துல இன்னொருத்தர் ஆரம்பிக்கணும். இதுல என்ன கஷ்டம்?"

எஸ்தர் எழுந்தார். மண்பானையிலிருந்து ஒரு டம்ளர் மோர் எடுத்தார். விளிம்புவரை ததும்பியது.

"கத்தாதீங்க சார். முதல்ல இதைக் குடிங்க."

மாசிலாமணி கையை நீட்டினார். அவர் விரல்கள் டம்ளரைத் தொடப் போன நேரத்தில் எஸ்தர் விட்டுவிட்டார்.

வெள்ளைச் சட்டை, பேன்ட், நாற்காலி எல்லாம் மோர். முழங்காலில் ஒரு கறிவேப்பிலை ஒட்டிக்கொண்டது. பாக்கியம் பையைக் கீழே போட்டுவிட்டுத் துணி எடுக்க ஓடினாள்.

"என்ன சிஸ்டர் இது!" மாசிலாமணி துள்ளி எழுந்தார். "நான் பிடிச்சேனா இல்லையான்னு பார்த்துட்டு விடக் கூடாதா?"

"ஏழு மணி ஆயிடுச்சு சார்," என்றார் எஸ்தர்.