எல்லாருக்கும் இருபது

மலையடிவாரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. அதில் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு எப்சிபா சிஸ்டர். வயது முப்பத்திரண்டு. அவரிடம் வேலை பழகிக்கொண்டிருந்த மாடத்திக்கு முப்பத்தொன்பது.

குருவைவிட சிஷ்யைக்கு ஏழு வயது கூடுதல். அப்படியும் நடக்கும்.

மாடத்தி முன்பு அதே வார்டில் ஆயாவாக இருந்தவள். ஒன்பது வருஷம் பெட்பேன் எடுத்தாள், தரை துடைத்தாள், படுத்தே கிடக்கும் கிழவிகளுக்குத் தலை வாரிவிட்டாள். பிறகு ஒருநாள் தகரப்பெட்டியின் அடியில் கிடந்த பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு நர்சிங் பள்ளிக்குப் போனாள். தன் வயதில் பாதி இருக்கிற பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்து முடித்தாள். வெள்ளை உடுப்பு போட்டு ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது.

அந்த உடுப்பு அவளைத் தனியாக்கிவிட்டது.

மத்தியானம் ஆயாக்கள் மாமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து சாப்பாட்டைத் திறப்பார்கள். இவள் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். சிஸ்டருக்கு ஒரு நாற்காலி கொண்டாங்கடி என்பாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரிப்பார்கள். நர்சுகள் சாப்பிடும் அறையில் ஆறு நாற்காலி. ஆறிலும் ஆள் இருக்கும், இல்லையென்றால் கைப்பை இருக்கும். அதனால் மாடத்தி துணி அறைக்குப் போய், சலவையாகி வந்த போர்வைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து சாப்பிடுவாள்.

நர்சுகள் ஒருவரையொருவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மாடத்தியை மட்டும் "இங்க பாருங்க" என்பார்கள். பழைய நோயாளிகளுக்கு அவள் இன்னும் ஆயாம்மாதான். எப்சிபா அவளை அக்கா என்பார். அது வயதுக்குத் தருகிற மரியாதையா, பழைய ஞாபகமா என்று மாடத்திக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

அந்த மாதம் ஐ.சி.யூ.வுக்கு ஒரு நர்ஸ் எடுப்பதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். பெரிய வேலை. அங்கிருந்து மேலே போக வழி உண்டு. எல்லாவற்றையும்விட, அது புதுக் கட்டடம். அங்கே யாருக்கும் இவளை ஆயாவாகத் தெரியாது.

விண்ணப்பத்தில் வார்டு பொறுப்பாளர் கையெழுத்து வேண்டும். மாடத்தி அதை நிரப்பி எடுத்துக்கொண்டு எப்சிபாவின் மேஜை முன்னால் நின்றாள். கொடுத்துவிட்டும் போகவில்லை.

"என்னக்கா?"

"நான் எப்ப சிஸ்டர் ஆவேன், சிஸ்டர்?"

எப்சிபா கைக்கு அகப்பட்ட ஒரு சார்ட்டை எடுத்துப் பிரித்தார். பதினாலாம் படுக்கை. மாடத்தி எழுதிய சார்ட். அச்சடித்ததுபோல எழுத்து, ஓர் அடித்தல் திருத்தல் இல்லை. காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் வேளைக்கு வேளை மாறியிருந்தன. மூச்சுக்கான கட்டத்தில் மட்டும் நாலு நாளாக இருபது, இருபது, இருபது.

எப்சிபா அடுத்த சார்ட்டை எடுத்தார். இருபது. அதற்கடுத்ததையும் பார்த்தார். வேறொருத்தி எழுதியது. அதிலும் இருபதுதான்.

"பதினாலுக்கு மூச்சு எத்தனைக்கா?"

"இருபது."

"எண்ணினீங்களா?"

மாடத்தி தலையைக் குனிந்துகொண்டாள். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், வந்த புதிதில் மூத்தவர்கள் சொல்லித் தந்ததே அதுதான் என்று மெதுவாகச் சொன்னாள்.

"இப்ப போய் எண்ணிட்டு வாங்க. முழுசா ஒரு நிமிஷம். கையெழுத்து போடறேன்."

பதினாலில் சொர்ணத்தம்மாள். இளைப்புக்காரி. ஒரே மகள் சூரத்தில் இருந்தாள். கூட இருக்க ஆள் கிடையாது. மாடத்தி கட்டிலுக்கு எதிரே நின்று, மூச்சு எண்ணப் போவதாகச் சொன்னாள். உடனே அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, டாக்டர் குழாய் வைக்கும்போது செய்வதுபோல நெஞ்சை நிமிர்த்தி, இழுத்து இழுத்து மூச்சு விட்டார். கடைசியில் இருமல் வந்துவிட்டது.

மாடத்தி திரும்பி வந்து பதினாறு என்றாள்.

"அது உங்களுக்காக விட்ட மூச்சு. அவங்களுக்காக விடறது எத்தனை?"

மாடத்தி விழித்தாள். எப்சிபா எழுந்து அவளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிமூன்றாம் படுக்கை அருகே நின்றார். அங்கே படுத்திருந்தவளின் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நாடியை எண்ணினார். ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை விடவில்லை. பிடித்த கையை அப்படியே அவள் நெஞ்சின்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நெஞ்சு ஏறி இறங்கியபோது இருவர் கையும் சேர்ந்து ஏறி இறங்கியது. நாடிதான் பார்க்கிறார்கள் என்று நினைத்து, படுத்திருந்தவள் கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு நிமிஷம் போனது.

எப்சிபா மாடத்தியின் காதருகே, பதினெட்டு என்றார்.

மாடத்தி பதினாலுக்குப் போய் சொர்ணத்தம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். முதல் நிமிஷம் நாடி. பிறகு அந்தக் கையை நெஞ்சில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஆயாம்மா, நீ என் கையைப் பிடிச்சு எவ்வளவு நாளாச்சு" என்றார் சொர்ணத்தம்மாள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார்.

மாடத்தி எண்ணினாள். சந்தேகம் வந்து மறுபடியும் எண்ணினாள்.

இருபத்தெட்டு.

எப்சிபா உடனே டாக்டரை வரவழைத்தார். டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஐ.சி.யூ.வுக்கு மாற்றச் சொன்னார். பிறகு சார்ட்டைக் கையில் எடுத்தார். காலையில் இருபது, இப்போது இருபத்தெட்டு, எப்போது ஏறியது என்று கேட்டார்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். சுற்றி நின்ற நர்சுகள் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர்களில் ஜெஸ்லின் என்பவள் கண்ணாலேயே சொல்லித் தந்தாள்.

"தெரியாது டாக்டர்" என்றாள் மாடத்தி. "நாலு நாளா நான் எண்ணல."

ஸ்ட்ரெச்சர் போகும்போது சொர்ணத்தம்மாளின் கை வெளியே நீண்டு எதையோ தேடியது. கதவுவரைக்கும் மாடத்தி அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கதவு மூடிக்கொண்டது.

எப்சிபா சொன்னபடி விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். ஆனால் விண்ணப்பம் நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனின் மேஜையைத் தாண்டவில்லை. இந்த வருஷம் பரிசீலிக்க முடியாது என்று ஒரு வரி எழுதித் திரும்பி வந்தது. கூடவே, எண்ணாமல் எழுதியதற்கு மாடத்திக்கு ஒரு மெமோ. எப்சிபாவுக்கும் ஒன்று. அவர் அதைப் படித்தார், மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இப்போது வார்டில் எல்லாரும் ஒவ்வொரு கட்டிலிலும் இரண்டு நிமிஷம் நிற்க வேண்டியிருந்தது. ஒரு ஆயாவால முப்பது பேர் மூச்சை எண்ணிக்கிட்டு நிக்கிறோம் என்று ஜெஸ்லின் எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். முன்பு "இங்க பாருங்க" என்றாவது கூப்பிட்டவர்கள் அதையும் நிறுத்திக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மாடத்தி புதுக் கட்டடத்துக்குப் போய், ஐ.சி.யூ. கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். சொர்ணத்தம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் இருந்த பெட்டியில் மூச்சின் எண் தானாகவே வந்து வந்து மாறியது. இருபத்திரண்டு. இருபத்தொன்று. கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

அன்று மத்தியானம் அவள் துணி அறையில் சாப்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு எப்சிபா வந்தார். கையில் அவருடைய டிபன் பாக்ஸ். ஒரு போர்வைக் கட்டை நகர்த்திவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

வெளியே மாமரத்தடியில் ஆயாக்கள் எதற்கோ சிரித்தார்கள்.

"அன்னைக்கு நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லல" என்றாள் மாடத்தி.

எப்சிபா டிபன் பாக்ஸைக் கீழே வைத்தார். மாடத்தியின் கையை எடுத்து மணிக்கட்டில் விரல் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு நிமிஷம் ஆயிற்று. கையை விடவில்லை.

இன்னொரு நிமிஷமும் ஆயிற்று. வெளியே சிரிப்பு ஓய்ந்து, ஆயாக்கள் பாத்திரம் கழுவப் போகும் சத்தம் கேட்டது. அப்போதும் விடவில்லை.

"என்ன பாக்குறீங்க?" என்று மாடத்தி கேட்டாள்.

"நாடிதான், சிஸ்டர்."