செண்பகராயர் கண்டுபிடித்த வாள்

முன்னொரு காலத்தில் முத்தலைப்பட்டினத்தை மதங்கவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் யானை கேட்பான், மத்தியானம் மழை கேட்பான், அப்பேர்ப்பட்ட ராஜா. அவனுடைய ஆயுதசாலைத் தலைவர் செண்பகராயருக்கு ஒரே ஒரு குறைதான். அமைச்சர் பூதியப்பர் நன்றாக இருக்கிறாரே என்பதுதான் அது. ராஜா அமைச்சரைப் பார்த்துச் சிரித்தால் போதும், இவருக்கு வயிறு பற்றி எரியும். அன்றைக்குச் சோறு இறங்காது.

ஒருநாள் கப்பலில் வந்த பழைய வாள் ஒன்றை ராஜா சபையில் காட்டினான். கதிர் அரிவாள் மாதிரி வளைந்திருந்தது. பிடியருகே மூன்று புள்ளிகள்.

“பூதியப்பரே, இது எந்த நாட்டு வாள்? செய்தவன் யார்? மூன்று நாள் தருகிறேன். பதில் தப்பினால் உம்முடைய ஆசனம் சரியாகச் சொல்பவனுக்கு!”

அமைச்சர் அங்கேயே ஓர் ஓலை எழுதி, முத்திரை வைத்து நீட்டினார். “என் பதில் இதில் இருக்கிறது மகாராஜா. மூன்றாம் நாள் பிரியுங்கள்.”

‘அடப்பாவி, அதற்குள்ளேயா!’ ராயருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலில் மறித்தார். “என்ன எழுதினீர் ஓய்?”

“சீன வாள்தானே, வேறென்ன?”

சீனமா! ஆயிரம் சீன வாள் பார்த்தவர் ராயர். இது சீனமே இல்லை. அமைச்சர் ஆசனத்தில் தாம் உட்கார்ந்திருப்பது அப்போதே அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயுதசாலையிலிருந்து வாளை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார். கப்பல் கப்பலாக ஏறி இறங்கினார். பல்லக்கிலேயே போய்ப் பழகிய கால் கொப்புளித்துவிட்டது, பாவம்.

மூன்றாம் நாள் காலை ஆப்பிரிக்காவின் அபிசீனிய நாட்டிலிருந்து வந்த கப்ரே என்ற மாலுமி வாளைக் கண்டதும் துள்ளினான். தன் இடுப்புக் கத்தியை உருவிக் காட்டினான். அதிலும் அதே மூன்று புள்ளி!

“எங்கள் தாத்தா தெக்லே பட்டறைக் குறி ஐயா இது! எதிரியின் கேடயத்தைச் சுற்றிக் குத்தத்தான் இந்த வளைவு.”

கப்ரேயை இழுத்துக்கொண்டு ராயர் சபைக்குள் பாய்ந்தார். “சீனமாம் சீனம்! அபிசீனிய வாள் மகாராஜா! செய்தவன் தெக்லே, இதோ பேரன்!”

“சபாஷ்!” என்ற ராஜா ஓலையைப் பிரித்து உரக்கப் படித்தான். “மகாராஜா, அடியேனுக்கு இந்த வாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. செண்பகராயரிடம் பொய்யாக ஒரு நாட்டைச் சொல்லிவைப்பேன். என்னைக் கவிழ்க்க அவர் ஊரெல்லாம் அலைந்து உண்மையைக் கொண்டுவருவார். அவர் சொல்வதே என் பதில்.”

சபை கொல்லென்று சிரித்தது.

“ஆசனம் அமைச்சருக்கே!” என்றான் ராஜா. “கப்ரே, தாத்தா வாள் உனக்கே. ராயரே, நீர் பட்ட பாட்டுக்கும் ஒரு முத்துமாலை உண்டு. ஆனால் அதைப் பூதியப்பர் கையால் வாங்கிக்கொள்ளும்.”

செண்பகராயர் குனிந்தார். அமைச்சர் சிரித்துக்கொண்டே மாலையைப் போட்டுவிட்டார். அன்றைக்கும் ராயருக்குச் சோறு இறங்கவில்லை.