வடைச் சத்தத்தில் வைத்த வெல்டிங்

கொப்பையா, சன்னாசி, மாயாண்டி மூவரும் சேர்ந்து வெல்டிங் பட்டறை வைத்தார்கள் என்றால், அவர்களுக்கு வெல்டிங் தெரியும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது. மிக் என்கிற வெல்டிங் மெஷின் வாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். எந்தத் தகட்டுக்கு எத்தனை வோல்ட், உருகி ஒட்டுகிற கம்பி எவ்வளவு வேகத்தில் வெளியே வர வேண்டும் என்று அதன் மூடியில் அட்டவணை ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத் தரையில் கிடந்த இரும்பையெல்லாம் ஒட்டிவிட்டார்கள்.

முதல் கிராக்கி பவுனுத்தாய் அக்கா. வெள்ளிக்கிழமை புதுமனை புகுவிழா. காலை ஆறு மணிக்குள் பசு வாசல் தாண்டி உள்ளே போயாக வேண்டும்.

"கேட்டு இல்லாத வீட்டுல விசேஷம் வச்சா என் நாத்தனார் பேசியே என்னைக் கொன்னுருவா. எப்படியாச்சும் மாட்டிக் குடுங்கடா" என்று வியாழக்கிழமை மதியம் அழாத குறையாகச் சொன்னாள். பாவம்தான். போயும் போயும் இவர்களிடமா சொல்வது!

கேட் தயாராக இருந்தது. அதன் கீலை இரும்புத் தூணில் ஒட்ட வேண்டும். தூணோ சிமெண்டில் நட்டது. சன்னாசி வெல்டிங் டார்ச்சை வைத்தான். இரும்பு உருகி, மூக்குச்சளி மாதிரி ஒழுகிக் கீழே விழுந்தது.

"அட்டவணை படுத்திருக்கிற இரும்புக்குடா. தூணைப் படுக்கப் போட முடியாது. நாம படுத்துக்கிட்டா?" என்றான் மாயாண்டி.

மூவரும் படுத்துப் பார்த்தார்கள்.

"இப்ப இன்னும் உசரமால்ல தெரியுது" என்று கொப்பையா வருத்தப்பட்டான்.

எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, மெஷின் விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் பொறுமையான மனிதர். "நிக்கிற இரும்புக்கு வோல்ட்டையும் கம்பி வேகத்தையும் கொஞ்சம் குறைக்கணும் தம்பி. எண்ணெயில வடை வேகுற மாதிரி ஒரே சீரா சத்தம் வந்தா அதுதான் சரியான செட்டிங். கீழே ஆரம்பிச்சா மேலே போய்த்தான் நிறுத்தணும்" என்றார்.

"உளுந்து வடையா, பருப்பு வடையான்னு கேட்டியா?" என்றான் சன்னாசி.

கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டார்கள். அந்தப் பொறுமையான மனிதர் போனை எடுக்கவில்லை.

நல்லவேளையாகத் தெருவில் போட்டிருந்த சமையல் பந்தலில், வந்த சொந்தக்காரர்களுக்காக உளுந்து மாவு ஆட்டி வைத்திருந்தது. அடுப்பையும் சட்டியையும் தூணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கொப்பையா வடை சுட, சன்னாசி வெல்டிங் வைக்க, மாயாண்டி நடுவில் நின்று இரண்டு காதையும் தீட்டிக்கொண்டான்.

"மெஷின் சத்தம் பெருசா இருக்கு."

"அப்ப அடுப்பைக் கூட்டு!"

கூட்டினார்கள். சத்தம் ஒத்துப்போனது. வடை கரியானது, இரும்பு ஒழுகியது.

"அடப்பாவிகளா, வடை தீயுதேடா! அடுப்பைக் குறைங்க!" என்று பவுனுத்தாய் ஓடிவந்தாள்.

அடுப்பைக் குறைத்தார்கள். இப்போது மெஷின் சத்தம் அதிகமாகத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் வோல்ட்டையும் கம்பி வேகத்தையும் குறைத்தார்கள். அட, இரும்பு ஒழுகாமல் அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டது! மூவருக்கும் கண் கலங்கிவிட்டது.

"கீழே ஆரம்பிச்சா மேலே போய்த்தான் நிறுத்தணும்" என்று ஞாபகப்படுத்தினான் மாயாண்டி.

சன்னாசி கீலோடு நிற்கவில்லை. கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே இருந்த இடைவெளியை அடியிலிருந்து உச்சி வரை அடைத்துக்கொண்டே போனான். இந்தப் பக்கம் இவ்வளவு அழகாக இருக்கும்போது தாழ்ப்பாள் போடுகிற அந்தப் பக்கம் மட்டும் மூளியாக இருக்கலாமா? மாவும் மீதமிருந்தது. அந்தப் பக்கமும் முடித்தார்கள். பெயிண்ட் அடித்து, "விடியிறவரைக்கும் யாரும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மீந்த வடையைத் தின்றுவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு மாலை போட்ட பசு வந்து நின்றது. பின்னால் நாத்தனார். கேட்டைத் தள்ளினார்கள். இழுத்தார்கள். எட்டுப் பேர் சேர்ந்து உலுக்கினார்கள். அசையவே இல்லை.

"எப்படி நிக்குது பாத்தீங்களாக்கா!" என்று விசேஷத்துக்கு வந்திருந்த சன்னாசிக்குப் பெருமை தாங்கவில்லை.

"பசு எப்படிடா உள்ள போகும்? ஆறு மணி ஆகப்போகுதே!" என்று பவுனுத்தாய் கதறினாள்.

கடப்பாரையோடு வந்தான் கொப்பையா. பத்தே நிமிடத்தில் கேட்டுக்குப் பக்கத்துச் சுவர் விழுந்தது. பசு செங்கல்லை மோந்து பார்த்துவிட்டு, ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது உள்ளே போனது. நாத்தனாரும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பசுவுக்குப் பின்னாலேயே செங்கல்லைத் தாண்டினாள்.

பவுனுத்தாய் மூச்சு வாங்கியபடி ஓட்டையைக் காட்டினாள். "இதை என்னடா பண்ணுறது?"

"கவலைய விடுங்கக்கா. அங்க ஒரு கேட்டு போட்டுருவோம். செட்டிங்தான் தெரிஞ்சு போச்சே. நீங்க ரெண்டு படி உளுந்து மட்டும் ஊறப் போட்டுருங்க" என்றான் சன்னாசி.