மன்னாவிளையில் ஒரு மணி நேர அமைதி

மன்னாவிளைக்காரர்கள் ரொம்ப நல்லவர்கள். பொய் சொல்ல மாட்டார்கள். ஆராதனைக்குப் பிந்தி வர மாட்டார்கள். சொன்னதைச் சொன்னபடியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே தொந்தரவு அந்தக் கடைசிக் குணம்தான்.

அந்த ஊர்ச் சபையில் இரைச்சல் கொஞ்சம் அதிகம். ஜெபம் என்றால் கைதட்டல், கஞ்சிரா, மேளம். கோபுரத்தில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஒலிபெருக்கி. பக்கத்து ஊருக்கும் சேர்த்து ஜெபிக்கிற நல்லெண்ணம். புதிதாக வந்த போதகர் தேவவரம் மூன்று ஞாயிறு பொறுத்துப் பார்த்தார். நாலாவது ஞாயிறு பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்.

"நாமளே பேசிக்கிட்டு இருந்தா ஆண்டவர் எப்பப் பேசுவார்? ஒரே ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கிட்டு சும்மா உட்காருங்க. அசையாதீங்க. உலகம் வந்து தட்டும், கூப்பிடும். யார் கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க. எந்த நாள் ரொம்ப இரைச்சலோ, அந்த நாள்லதான் இது தேவை."

சபை அழுதது. பிறகு கமிட்டி கூடியது.

"இரைச்சலான நாள்னா எதுவே?" என்று கேட்டார் செயலர் ஞானசிகாமணி.

"நேத்து எங்க வீட்டுல கிரைண்டர் ஓடுச்சு" என்றான் மைக்செட் ஜெயசீலன்.

"நேத்து எப்படிவே போய் உட்கார முடியும்? வரப்போற நாளாச் சொல்லும்."

பெண்கள் ஐக்கியத் தலைவி தபசுமணி மெல்லக் கையைத் தூக்கினாள். "அண்ணாச்சி, வர்ற வியாழக்கிழமை எம் மக எஸ்தர்கனிக்குக் கல்யாணம். பேண்டு செட்டு உண்டு. வெடியும் உண்டு."

எல்லோரும் அவளைப் பெருமையோடு பார்த்தார்கள்.

"கல்யாணம் பத்து மணிக்குத்தானே? அப்போ ஒன்பதுல இருந்து பத்து வரைக்கும் அமைதி. ஐயா அளந்து சொன்ன மாதிரியே இருக்கே!" என்றார் ஞானசிகாமணி.

தபசுமணிக்கு ஒரே ஒரு கவலை. மாப்பிள்ளையின் தாய்மாமா முன்கோபக்காரர். காப்பி ஆறிப்போனதற்காக ஒரு கல்யாணத்தையே நிறுத்தியவர் என்று பேச்சு. "இந்தச் சம்பந்தம் நழுவிரக் கூடாது அண்ணாச்சி. எங்க கனி அந்தப் பையன் போட்டோவைப் பாட்டுப் புத்தகத்துக்குள்ள வச்சிருக்கா."

"நாம சும்மாதானே இருக்கப்போறோம், தபசு? சும்மா இருக்கிறவங்க மேல யாருக்குக் கோவம் வரும்?"

ஏற்பாடுகள் தொடங்கின. ஆட்டோவில் குழாய் கட்டி, மூன்று நாள் தெருத்தெருவாக, "அமைதி! அமைதி! அனைவரும் வருக!" என்று அறிவித்தார்கள். மூன்றாம் நாள் அறிவித்தவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அமைதி தொடங்கிவிட்டது என்று ஊரே சந்தோஷப்பட்டது.

வியாழக்கிழமை காலையில் எல்லோரும் கைக்கடிகாரத்தையும் போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்கு வந்தார்கள். உடம்புக்கு முடியாமல் வீட்டில் கிடப்பவர்களுக்கும் அமைதி கேட்க வேண்டும் என்று ஜெயசீலன் நடுக்கோயிலில் மைக்கை வைத்து நாலு குழாயையும் திறந்துவிட்டான். மணியடிக்கும் மாசிலாமணி கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அப்போதுதான் ஞானசிகாமணிக்குச் சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கேட்டது.

"எவ்வளவு சத்தம் போடுது பாரும். செல்லைக் கழற்றும்வே."

சரியாக ஒன்பது மணிக்கு மாசிலாமணி பேட்டரியைக் கழற்றினார். அமைதி வந்தது.

நிஜமாகவே வந்தது. வேப்பம்பழம் ஒன்று கூரையில் விழுந்து உருண்டது கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவருக்கும் நெஞ்சுக்குள் டொக் டொக் என்று ஏதோ கேட்டது. யாரோ தட்டுகிறார்கள், எந்திரிக்கக் கூடாது என்று ஒவ்வொருவரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். மணப்பெண்ணின் முக்காட்டில் ஒரு ஈ உட்கார்ந்தது. அதுவும் அசையவில்லை.

பத்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றது. பேண்டு முழங்கியது. போதகரும் பைக்கில் வந்து சேர்ந்தார். கதவு பூட்டியிருந்தது. தட்டினார்கள். உள்ளே எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மணி ஒன்பது.

பதினொன்றுக்குப் போதகர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஞானசிகாமணி! ஒரு மணி நேரம் எப்பவோ முடிஞ்சுட்டு! கதவைத் திறங்க!" என்று கத்தினார்.

ஞானசிகாமணி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது.

மாப்பிள்ளையும் ஜன்னலுக்கு வந்தான். "கனி, நான்தான். உள்ள என்ன பண்ற?"

உலகம் இவ்வளவு இனிமையாகக் கூப்பிடும் என்று ஐயா சொல்லவே இல்லையே என்று எஸ்தர்கனி நினைத்துக்கொண்டாள்.

தாய்மாமா பொறுத்துப் பார்த்தார். அவருடைய பொறுமை சின்னது. "சம்பந்தம் வேண்டாம்னு கதவைப் பூட்டிக்கிட்டு ஊரே உள்ள உட்காந்திருக்கு. இதுக்கு மேல என்னவே அவமானம் வேணும்? ஏறுங்க எல்லாரும்! வேனைத் திருப்புடா!"

வேன் உறுமிற்று. எஸ்தர்கனியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. துடைத்தால் அசைந்ததாகிவிடும். தபசுமணியின் கண்ணிலும் வழிந்தது. மகளை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் கழுத்து அசையும்.

போதகருக்கு வேறு வழி தெரியவில்லை. ஜன்னலைப் பிடித்தபடி கண்ணை மூடி, "ஆண்டவரே, இவங்க மேல இரக்கமாயிரும். என் மேலயும் இரக்கமாயிரும். ஆமென்" என்றார்.

"ஆமென்!" என்றது சபை முழுவதும், பழக்கதோஷத்தில். நாலு குழாயும் நாலு ஊருக்கு அதைக் கொண்டுபோயின. வேன் டிரைவர் பயந்துபோய் வண்டியை நிறுத்திவிட்டார்.

ஞானசிகாமணி வாயில் அடித்துக்கொண்டார். "கெட்டுப்போச்சே! மறுபடியும் முதல்ல இருந்து உட்காரணுமே!"

"பேட்டரியைப் போட்டுட்டுத் திரும்பக் கழற்றவா?" என்று கேட்டார் மாசிலாமணி.

அதற்குள் எஸ்தர்கனி அவர் இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டு ஓடி, கதவைத் திறந்து, வேனுக்கு முன்னால் போய் நின்றாள்.

கல்யாணம் நடந்தது. "சம்மதமா?" என்று போதகர் கேட்டு முடிக்கும் முன்பே அவள் "சம்மதம்!" என்று சொன்ன சத்தத்தில் தாய்மாமாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிரியாணியும் சூடாகவே இருந்தது.

சாப்பாட்டுப் பந்தியில் போதகர் ஞானசிகாமணிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்குத் திட்டக்கூடத் தெம்பு இல்லை. "அவ்வளவு நேரம் உட்காந்தீங்களே, ஏதாவது கேட்டுச்சா?" என்றார்.

ஞானசிகாமணியின் கண் கலங்கியது.

"கேட்டுச்சு ஐயா. யாரோ வந்து கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. எம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. திற, திறன்னு கெஞ்சினாங்க. குரல் அப்படியே உங்க குரல் மாதிரி."

சோற்றை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு, தலையை நிமிர்த்தினார்.

"ஆனா நாங்க ஏமாறல."