கண்மாய்க்குள் போட்ட கட்டுப்பாடு

மூன்று வருஷம் ஊரைக் காயப்போட்ட வானம், அந்தக் கார்த்திகையில் விடாமல் ஊற்றியது. கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்கும் என்பார்களே, பல வீடுகளில் அது நிஜமாகவே நடந்தது.

ஆண்டியப்பன் அம்பலம் ஊருக்குத் தலைவர். கண்மாய்க்கரை மடத்துச் சாமிக்குச் சீடர். வயதில் சாமிக்கு அப்பா மாதிரி இருப்பார். அன்று காலையிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடத்துக்கும் கரைக்குமாக அலைந்தார். கரையில் இளவட்டங்கள் வடக்கயிற்றோடு அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பள்ளத்தில் சோணைமுத்துவின் வீடு முழுகிக்கொண்டிருந்தது. பெண்டாட்டி பிள்ளையோடு அவன் கூரைமேல் உட்கார்ந்திருந்தான். யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் ஊரில் யாரும் பதில் சொல்லக்கூடாது என்பது அவனுக்குத் தெரியும்.

பஞ்சத்தில், வறண்டு கிடந்த கண்மாய்க்குள் தோண்டிய ஊற்றில் முறை தப்பி ஒரு குடம் இறைத்தவன் அவன். ஊர் கூடி அவனைத் தள்ளிவைத்தது. அன்னம் தண்ணி, பேச்சு வார்த்தை எதுவும் கிடையாது. அப்போது அப்படி இறுக்கிப் பிடிக்காவிட்டால் ஊரே அடித்துக்கொண்டு செத்திருக்கும்.

“போய்க் கூட்டிட்டு வரச் சொல்ல வேண்டியதுதானே?” என்றார் சாமி.

“கட்டுப்பாடு இருக்கே சாமி.”

“எடுத்துருங்க.”

“கண்மாய்க்குள்ள கூடிப் போட்டதைக் கண்மாய்க்குள்ள கூடித்தான் எடுக்கணும். ஊத்தடியில நின்னு, மண்ணைத் தொட்டுச் சொல்லணும். எங்க வழக்கம் அது.”

“ஊத்து எங்க இருக்கு?”

அம்பலம் கையை நீட்டினார். கண்மாய் கரை முட்டத் தளும்பிக்கொண்டிருந்தது.

“நானே வழக்கத்தை மீறுனா நாளைக்கு எவன் மதிப்பான்? அங்கிட்டு அந்தப் பச்சப்புள்ளயப் பாத்தா நெஞ்சு பதறுது. நீங்கதான் சாமி ஒரு வழி சொல்லணும்.”

சாமி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கினார். தண்ணீர் முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, நெஞ்சுக்கு வந்தது.

“சாமி! எங்கிட்டுப் போறீக?”

“ஊத்தடிக்கு. மண்ணைத் தொடணும்ல?”

சொன்னவர் முங்கினார். தலையைக் காணோம்.

“கயித்தை வீசுங்கடா! என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீக!” என்று கத்திய அம்பலம், இளவட்டங்கள் கையிலிருந்து தானே பிடுங்கி வீசினார்.

சற்றுத் தள்ளித் தலை எழுந்தது. சாமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையேறினார். கையில் மண் இல்லை. மூச்சு வாங்கியது. நனைந்த நுனியை அம்பலத்தின் கையில் வைத்தார்.

“எனக்குக் கயிறு வீச, ஊரை எங்க கூட்டினீங்க அம்பலம்?”

அம்பலம் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, பள்ளத்தைப் பார்த்து முதல் ஆளாக இறங்கினார்.